டோக்கியோவின் ஸ்கைட்ரீ கோபுரத்தில் 634 மீட்டர் உயரத்தில் யாரும் நிற்க முடியாது

"ஸ்கைட்ரீயில் 634 மீட்டர் உயரத்திலிருந்து டோக்கியோவைப் பார்க்கலாம், காசு கொடுக்காமல் உயரத்திலிருந்து பார்க்க அங்கே வேறு வழியே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

634 மீட்டர் என்பது கோபுரத்தின் உச்சி முனை வரையிலான உயரம், அது ஒளிபரப்புக் கோபுரம் என்பதை மறந்துவிட வேண்டாம். பார்வையாளர்கள் போகிற தளங்கள் 350 மீட்டரிலும் 450 மீட்டரிலும் இருக்கின்றன, மேல் தளத்துக்குக் கூடுதல் கட்டணம் வேறு. டோக்கியோ டவரிலும் இதே கதைதான்: கோபுரம் 333 மீட்டர், ஆனால் நாம் நிற்பது 150-லும் 250-லும்.

காசு விஷயத்துக்கு வருவோம். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்த டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடம் இருக்கிறதே, அதன் 45-ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், காட்சித்தளத்துக்கு அனுமதி இலவசம். கீழே பையைச் சோதித்துவிட்டு லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தின் தெற்குக் கோபுரத் தளத்தில் ஓவியர் யாயோய் குசாமாவின் அலங்கார வடிவமைப்பில் பியானோ ஒன்றும் இருக்கிறது, பார்க்க வந்தவர்களே வாசிக்கலாம் (சிலர் நன்றாகவே வாசிக்கிறார்கள்). தளம் மூடியிருக்கும் நாட்கள் மட்டும் மாறும், பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் ஃபூஜி மலை. அது சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கோடையின் ஈரக்காற்றில் எத்தனை உயரம் ஏறினாலும் பெரும்பாலும் தெரியாது. குளிர்காலக் காலை நேரம்தான் நல்ல வாய்ப்பு. அதனால் ஆகஸ்டில் போகிறவர்கள் அதை நம்பி விலை கூடிய டிக்கெட் எடுக்க வேண்டாம்.