அமேலியாவைப் பேசவிடாதவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை திரையிடல் முடிந்ததும் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "சில ராத்திரி என் பையன் மேல எனக்கும் அப்படி ஒரு வெறுப்பு வந்திருக்கு" என்று சொன்ன பெண்ணின் கையிலிருந்து மைக் பிடுங்கப்பட்ட விதத்தையும் பார்த்தீர்கள். "தாய்மையைக் கொச்சைப்படுத்தாதீங்கம்மா" என்று மேடையிலிருந்து அறிவுரை. அதற்குக் கைதட்டல் வேறு. கைதட்டியவர்களில் நான் மதிக்கிற சிலரும் இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

'தி பாபடூக்' என்ற பேய்ப் படத்தை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தோம். அந்தப் படம் எதைச் சொன்னதோ அதையேதான் அந்தப் பெண்ணும் சொன்னார். திரையில் வந்தால் ரசிக்கிறோம், பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தால் வாயை அடைக்கிறோம்.

அந்தப் படத்தின் நாயகி அமேலியா கெட்ட அம்மா இல்லை. அழவே விடப்படாத ஒரு பெண். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

ஜெனிஃபர் கென்ட் 2014இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடுத்த படம். அவருடைய முதல் முழுநீளப் படம். எஸ்ஸி டேவிஸ் நடித்த அமேலியாவைப் பிரசவத்துக்குக் காரில் அழைத்துப் போகும்போதுதான் விபத்தில் கணவன் ஆஸ்கர் சாகிறான். அதே நாளில் சாமுவேல் பிறக்கிறான். மகனின் பிறந்தநாள்தான் கணவனின் நினைவுநாள். அந்தத் தேதியில் அவள் பிறந்தநாள் கொண்டாடுவதே இல்லை. ஆஸ்கரின் சாமான்களைக் கீழ்த்தளத்தில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். அவன் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

கறுப்புத் தொப்பியும் நீண்ட விரல்களுமாகப் பாபடூக் என்ற அந்தப் பேய் உருவம் வருவதற்கு முன்னால் அவளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கவனித்தீர்களா? முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் ராத்திரி ராத்திரியாகப் பையன் தூங்கவிடுவதில்லை. பள்ளிக்கூடம் அவனை ஒரு பிரச்சினையாகத்தான் பார்க்கிறது. கூடப் பிறந்த சகோதரியே ஒதுங்கிப் போகிறாள். அந்தச் சகோதரி மகளின் பிறந்தநாள் விழாவில், வசதியான பெண்கள் ஜிம்முக்குப் போக நேரமில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும்போது அமேலியா வெடிக்கிறாள் இல்லையா, அந்த இடத்தில் நம் அரங்கில் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒருவர்கூட அவளிடம், "பையனை இன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு" என்று மனசாரச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும்தான் கொஞ்சம் தாங்குகிறாள். அவளும் பார்க்கின்சன் நோயாளி.

"ஏழு வருஷம் ஆகப் போகுதே, இன்னும் என்ன துக்கம்?" என்று ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருந்தார். அண்ணே, படத்தில் அவளைச் சுற்றி இருப்பவர்களும் இதே கேள்வியைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விதான் அவளைக் கீழே தள்ளுகிறது. ஓராண்டு தாண்டியும் ஆளை முடக்கிப் போடுகிற துக்கத்தை ஒரு மனநலக் கோளாறாகவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் தன் நோய்க் கையேட்டில் சேர்த்துவிட்டது. நாம்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கணக்கை முடித்துவிடுகிறோம்.

என் சித்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பா லாரி மோதி இறந்தபோது சித்தி நிறைமாதம். ஊரே திரண்டு வந்து ஒப்பாரி வைத்தது. சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினாறு நாள் முடிந்தது, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் பையன் பிறந்தான். அதே வாய்கள் "அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்றன. ஒரு பச்சைக் குழந்தையைப் பற்றி, அதன் தாயின் காதுபட. திரும்ப அழுதால், "பால் குடுக்கிறவ அழக் கூடாது, புள்ளைக்கு ஆகாது" என்று அதட்டல். சித்தி அழுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு சித்தி வாய்விட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனால் தம்பி சோற்றைச் சிந்தினால்கூட அடி விழும். அடித்துவிட்டு, சமையலறையில் கைகள் நடுங்க உட்கார்ந்திருப்பார். "ராட்சசி" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தம்பியை ஒரு சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனதில்லை.

சித்தி ராட்சசி இல்லை. அமேலியாவும் இல்லை.

"நாயைக் கொல்கிறாள், குழந்தை கழுத்தை நெரிக்கிறாள், இதை நியாயப்படுத்துகிறாயா?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. இல்லை, நியாயப்படுத்தவில்லை. செத்தது நீயாக இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்தேன் என்று அவள் மகனிடம் சொல்லும் காட்சியில் என்னால் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடி வாங்கிய குழந்தைக்கு அம்மாவின் துக்கம் ஒரு சமாதானம் ஆகாது. என் தம்பிக்கும் ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கிறது. சாமுவேலாக நடித்த நோவா வைஸ்மன் அப்போது ஆறு வயதுப் பையன். அமேலியா மகனைத் திட்டும் இடங்களில் அவன் காதில் அது விழக் கூடாது என்று, பெரியவர் ஒருவரை முட்டிபோட வைத்து அவரைப் பார்த்துத்தான் எஸ்ஸி டேவிஸைக் கத்த வைத்தார் கென்ட். ஆனால் குழந்தையைக் காப்பாற்ற என்ன வழி? அம்மா தன் மனசை முதல் தடவை வாய் திறந்து சொல்லும்போதே மைக்கைப் பிடுங்குவதா? சொல்ல முடியாமல் போனதுதான் அந்த வீட்டில் உருவெடுத்து நின்றது. படம் முழுக்க அதுதானே கதை!

"இது வெள்ளைக்காரர்கள் கதை, நம் தாய்மார்கள் இப்படி இல்லை" என்பவர்களுக்கு: பக்கத்துக் கேரளாவில் மன அழுத்தத்தில் மூழ்கும் ஒரு தாயாக 'பூதகாலம்' படத்தில் நடித்ததற்குத்தான் நம் ரேவதி கேரள மாநில விருது வாங்கினார். அதையும் பாருங்கள்.

"பேய்ப் படத்துக்கு ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய்?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பாபடூக் கடைசியில் சாகவில்லை என்பதும் பலருக்குக் குறை. எனக்கு அதுதான் இந்தப் படத்தின் நேர்மை. அது கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. அமேலியா கிண்ணத்தில் மண்புழு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். அது சீறுகிறது, அவள் பயப்படுகிறாள், பிறகு மேலே ஏறி வந்து, முதல் முறையாக அந்தத் தேதியிலேயே மகனின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள். துக்கம் போகவில்லை. அதைப் பூட்டி வைத்துப் பெயரே சொல்லாமல் இருந்த காலம்தான் போனது. என் சித்திக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. வாய்க்கவிடவில்லை. அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் உண்டு, இதைப் படிக்கும் சில உறவினர்களும் உண்டு. கோபம் வந்தால் வரட்டும்.

சித்தியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் அவர் கதையை எழுதினேன். படத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன். சித்தியைப் பற்றியோ, ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேசிய அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை தப்பாக வந்தாலும் கமெண்டை நீக்கிவிடுவேன். எழுதியவர் என் நட்பிலும் இருக்க மாட்டார்.