பத்துக் கிலோ குறைந்தது, குரல் குறையவில்லை

பதினான்கு வருஷம் என்னோடு இருந்த வாக்ஸ் கம்பெனி ஏசி30 ஆம்ப்பை, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டியை, போன மாதம் வீட்டை விட்டு அனுப்பினேன். அது இருந்த மூலையில் இப்போது அதே வாக்ஸின் ஏசி15 உட்கார்ந்திருக்கிறது. படத்தைப் போட்டதுமே கிட்டார் வாசிக்கிற தம்பிகள் வரிசையாகப் போன் செய்தார்கள். "அண்ணே, அதப் போயி ஏன் அனுப்புனீங்க? அந்தச் சத்தம் இனிமே வராதுல்லா" என்று எல்லாருக்கும் ஒரே ஆதங்கம். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏசி30 எடை 32 கிலோ. வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 30 கிலோ. சிலிண்டரையாவது உருட்டிக்கொண்டு போகலாம். ஆம்ப்பை உருட்ட முடியாது. உள்ளே வால்வுகள், ஒலியைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய்கள், நிற்கின்றன, பின்பக்கம் பாதி திறந்தே இருக்கிறது. தூக்கத்தான் வேண்டும். ஏசி15 எடை 22 கிலோ, அதாவது பாதி தீர்ந்த சிலிண்டர்.

இந்த 32 கிலோவை எங்கெல்லாம் தூக்கினோம் என்று நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) பாடகர் குழு மாடியில் நிற்கும். குறுகலான மரப்படி, ஒரு ஆள் முன்னால் பின்பக்கமாக ஏற, இன்னொருவர் கீழிருந்து தாங்க வேண்டும். அசன விழா என்கிற சர்ச் விருந்து என்றால் பந்தலுக்கு. சித்திரையிலும் ஆடியிலும் கொடை, எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழா. நாங்குநேரி பக்கம், களக்காடு பக்கம் என்று கச்சேரிக்குப் போவோம். வேன் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து அம்மன் கோயில் மேடை வரைக்கும் வரப்பில் நடை. கிட்டார் என் தோளில், ஆம்ப் இரண்டு பேர் கையில். பொறுமையாக நடக்கவும் முடியாது, முந்தின நிகழ்ச்சி வில்லுப்பாட்டு முடிந்து எங்களுக்காக மேடை காத்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடையில்தான் அது நடந்தது. இறக்கி வைக்கும்போது இடுப்பில் சுருக்கென்று ஒன்று. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்றார். நான் தூக்காவிட்டால் யாராவது தூக்க வேண்டும். எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிற பையனுக்கு 19 வயது. அவன் சிரித்துக்கொண்டே தூக்குவான், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் விருப்பத்துக்காக அவன் முதுகைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷம் ஆம்ப் பெட்ஷீட் மூடி வீட்டு மூலையில் கிடந்தது. நான் கிட்டாரின் கால் பெடலில் இருந்து நேரே மிக்ஸருக்குக் கொடுத்து வாசித்தேன். கூட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. தந்தியை அழுத்தி அடித்தால் கரகரப்பதும், மெதுவாகத் தொட்டால் தெளிந்துவிடுவதும் அந்த ஆம்ப்பில் என் விரலுக்குள்ளேயே இருந்தது. மிக்ஸர் வழியாக வாசிக்கும்போது அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

சரி, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? அதைத் தேடப் போய்த்தான் எனக்குத் தெளிவு கிடைத்தது.

ஏசி30-ல் ஒலியை வெளியே தள்ளுவது இஎல்84 என்கிற வால்வு. நான்கு இருக்கும். ஏசி15-லும் அதே வால்வுதான், இரண்டு. உள்ளே இருக்கிற மின்சுற்றும் ஒரே குடும்பம். பெரும்பாலான ஆம்ப்களில் வெளிவருகிற ஒலியில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டுக் கரடுமுரடைச் சீர்படுத்துவார்கள். இந்த இரண்டிலும் அது கிடையாது. அந்த மணி போன்ற உச்சமும், ஓங்கி அடித்தால் கிழிகிற அழகும் வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. என்னிடம் இருந்ததில் 12 இஞ்சு செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் இரண்டு, புதிதில் அதே ஸ்பீக்கர் ஒன்று. வித்தியாசம் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான்.

இதில் என் மனசைத் தொட்ட விஷயம், இரண்டில் சின்னதுதான் மூத்தது. ஏசி15 வந்தது 1958-ல். ஷாடோஸ் என்கிற இங்கிலாந்துக் கிட்டார் குழு மாதிரியானவர்களுக்கு மேடையில் இன்னும் சத்தம் வேண்டியிருந்ததால்தான் அதை இரட்டிப்பாக்கி ஏசி30 செய்தார்கள். இன்னும் சத்தம் எதற்கு? அந்தக் காலத்தில் ஸ்பீக்கர் செட் பாட்டுக்காரருக்கு மட்டும்தான். கிட்டார்காரன் தன் ஆம்ப்பை வைத்தே மொத்த அரங்கத்துக்கும் கேட்கவைக்க வேண்டும். 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்குப் பீட்டில்ஸ் வாசித்தபோது வாக்ஸ் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தது. அதுவும் ரசிகர்களின் கூச்சலில் அமுங்கிப்போனது.

நம் ஊர்க் கொடையில் நிலைமை என்ன? ரேடியோ செட் அண்ணாச்சி மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார். ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். நான் மட்டும் 32 கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் வால்யூமை நான்குக்கு மேல் திருப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். திருப்பினால் பாட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

30 வாட்டில் பாதி 15 வாட், ஆகவே சத்தமும் பாதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பானால் மூன்று டெசிபல்தான் கூடும். கவனித்தால் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற சுமார் பத்து டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் சேரும்போது அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் கனம் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் பாதி சத்தம் என்கிற கணக்கு தப்பு.

எண்ணை நம்பி மட்டும் நான் முடிவெடுக்கவில்லை. தூத்துக்குடி நண்பர் ஒருவர் தன் ஏசி15-ஐ ஒரு வாரம் கொடுத்துவைத்தார். இரண்டையும் எங்கள் வீட்டு முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே கிட்டார், ஒரே கேபிள். சத்தத்தைப் போனில் டெசிபல் ஆப் வைத்துச் சமமாக்கினேன். இதைச் செய்யாமல் யாரும் ஒப்பிடாதீர்கள், தம்பிகளா. கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும், எல்லாருடைய காதும். அப்புறம் மகளை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டாள், பத்துத் தடவை. எது எது என்று நான் சொன்னதில் ஆறு சரி, நான்கு தப்பு. பதினான்கு வருஷம் தினமும் கேட்ட ஆம்ப். பூவா தலையா போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும். அப்படியே அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அறைக்குள் நேரே முன்னால் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். பெரியதில் ஒலி அகலமாக வந்து மார்பில் படும். சின்னதில் கொஞ்சம் ஒடுங்கி ஒரு திசையில் வரும். தரையில் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் சேரில் ஏற்றிவைத்துப் பாருங்கள், ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பாடாமல் காதுக்குப் பாடும். இன்னொன்று, ட்ரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது சின்னது சீக்கிரமே கரகரக்க ஆரம்பித்துவிடும். எனக்கு அது பிடித்ததுதான். பெரியதில் அந்தக் கரகரப்பை எடுக்க வேண்டுமென்றால் ஜன்னல் அதிர வேண்டும். முழுக்கத் தெளிவாகவே வேண்டும், சத்தமும் வேண்டும் என்கிறவர்கள் மட்டும் யோசித்து மாற்றுங்கள்.

இன்னும் சிறிதாக ஏசி10 இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் 10 இஞ்சு. கீழ்த் தந்திகளில் உடம்பு இல்லை, எனக்கு ஒத்துவரவில்லை.

வால்வு இல்லாத டிஜிட்டல் ஆம்ப்புக்குப் போயிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். ஃபெண்டர் கம்பெனி 2019-ல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவர்ப் சுமார் பத்துக் கிலோதான். அதில் கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கள் இல்லை, ஸ்பீக்கரும் எடை குறைந்த நியோடிமியம் காந்தம். நல்ல பொருள். இடுப்பு இன்னும் மோசமானால் நானும் அங்கேதான் போவேன். இப்போதைக்கு என்னைத் தடுத்தது டவுனில் இருக்கிற ஒரு ரேடியோ மெக்கானிக்.

ஒரு கொடையில் ஜெனரேட்டர் வோல்டேஜ் எகிறி ஏசி30-ல் வால்வின் உள்தகடு செக்கச் சிவந்துவிட்டது. பதறிப்போய் அணைத்தேன். மறுநாள் நண்பர் சொன்னதைக் கேட்டு ரத வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். பின்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம ரேடியோ வால்வுல்லா தம்பி! இது உனக்கு எங்க கெடச்சுது?" என்றார். உண்மைதான். ஒரு காலத்தில் வீட்டு வால்வு ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் பாடிய அதே இஎல்84. வால்வுகளை வரவழைத்துக் கொடுத்தேன், அரை நாளில் சரிசெய்தார். என் ஆம்ப்பைக் கைதொட்டுச் சரிசெய்ய என் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தைரியம். இனி நான்கு வால்வுக்குப் பதில் இரண்டு வாங்கினால் போதும். (நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.)

ஏசி30-ஐ நான் விற்கவில்லை. எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, சென்னையில் மகன் வீட்டுக்குக் குடிபோகும்போது பாதி விலைக்குக் கொடுத்தது அது. அதை விற்க நான் யார்? அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தூக்கத்தானடே கஷ்டம். தூக்காத எடத்துல வச்சிரு" என்றார். அப்படியே செய்தேன். எங்கள் பையன்கள் பயிற்சி செய்கிற ஹாலில், சுவரோரமாக, ஸ்டெபிலைசர் போட்டு வைத்திருக்கிறோம். இனி அது அங்கிருந்து நகராது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ஏசி15 வந்த பிறகு மூன்று ஞாயிறு, ஒரு கொடை ஆகிவிட்டது. மாடிப்படியில் அந்தப் பையன் ஒருவனாகவே ஏற்றிவிடுகிறான், எனக்குக் கை மட்டும் காட்டுகிற வேலை. கொடையன்று ரேடியோ செட் அண்ணாச்சி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன தம்பி, பொட்டி சுருங்கிருச்சே, சத்தம் எட்டுமா?" என்று கேட்டுவிட்டு மைக்கை வைத்தார். இரண்டு பாட்டு முடிந்ததும் மிக்ஸர் பக்கமிருந்து கையை உயர்த்திக் காட்டினார், கிட்டாரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி.

நான் சொல்வதை நம்பாத தம்பிகள் சனிக்கிழமை சாயங்காலம் ஹாலுக்கு வாருங்கள். சின்னதையும் கொண்டுவந்து பெரியதன் பக்கத்தில் வைக்கிறேன். உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள்.