இரண்டே முக்கால் நிமிஷம் பொறுக்க முடியாதா?

நேற்றும் அதே கதைதான். காரில் பாட்டுப் போட என் முறை வந்தது. ஆசையாக ஒன்றைப் போட்டேன். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது, "யாராவது செத்துட்டாங்களா? மாத்துப்பா" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். ஆமாம்யா, செத்துத்தான் போனார்கள். பாட்டே அதைப் பற்றியதுதான்!

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஸாம்பீஸின் 'புட்சர்ஸ் டேல் (வெஸ்டர்ன் ஃப்ரண்ட் 1914)'. ஊரில் கறிக்கடை வைத்திருந்த ஒருவன் முதல் உலகப் போரில் சிக்கி, கை நடுங்க, வீட்டுக்குப் போகணும் என்று புலம்புகிறான். அவ்வளவுதான் பாட்டு. மூச்சிரைக்கிற மாதிரி ஒரு ஹார்மோனியம், அதன்மேல் பாட்டை எழுதிய கிறிஸ் வைட்டின் பிசிறடிக்கும் குரல். குழுவின் வழக்கமான பாடகர் காலின் பிளன்ஸ்டோனுக்கு வெண்ணெய்க் குரல். அவர் பாடியிருந்தால் கெட்டுப் போயிருக்கும் என்பேன். அந்தக் கறிக்கடைக்காரன் சொல்லும் தியெப்வால், மாமெட்ஸ் காடு எல்லாம் பிரான்ஸில் சொம் போர்க்களத்து இடங்கள். 1916 ஜூலை 1, சொம் போரின் முதல் நாளிலேயே பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் செத்தார்கள். (அப்புறம் தலைப்பில் எதற்கு 1914? அது எனக்கும் அவர்களுக்கும் தனிச் சண்டை.)

1968 ஜூனில் இதை அமெரிக்காவில் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வெளியிட்டார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம், ஜனங்கள் கேட்பார்கள் என்று கணக்கு. சீந்த ஆளில்லை. மேடையேறிப் பாடி ஓட்டிவிடலாம் என்றால் குழுவே 1967 முடிவதற்குள் கலைந்தாயிற்று. இந்தப் பாட்டு இருக்கிற அதே ஆல்பத்தின் காதல் பாட்டு 'டைம் ஆஃப் தி சீசன்' மட்டும் 1969இல் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. நல்ல பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஃபோனில் இந்தப் பாட்டு ஆப் செய்கிற அநியாயம் இருக்கிறதே! வீட்டில் தனியாக, இருட்டில், ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிறேன். அவன் கைநடுக்கம் இன்னும் காதில் இருக்கிறது, எச்சில்கூட விழுங்கவில்லை. அதற்குள் ஒரு கைதட்டல், "ஹா..." என்று ஒரு பெருமூச்சு. அந்தக் காதல் பாட்டு வந்து குந்திக்கொண்டது. யாரப்பா உன்னைக் கேட்டார்கள்? அடுத்த பாட்டைத் தானாகப் போடுகிற ஆட்டோபிளேயை எத்தனை தடவை அணைத்தாலும் அப்டேட் வந்ததும் தானாக உயிர்த்தெழுகிறது.

"ஓடாத பாட்டுடா, அதான் எவனுக்கும் தெரியல" என்று நண்பன் தீர்ப்பு வேறு. ஏன்டா, முரசு அடித்து, கொடி பறக்க, "வாடா பார்க்கலாம்" என்று மார்தட்டுகிற பாட்டு வந்தால் தொடையில் தாளம் போடுகிறாயே, அதுவும் போர்தானே? சுடுகிறவன் பாடினால் சவுண்டை ஏற்றுவாய், பயந்தவன் பாடினால் மாற்றச் சொல்வாயா?

சரி, அடுத்த தடவையும் இதைத்தான் போடுவேன். ஃபோன் என் சட்டைப் பைக்குள் இருக்கும். முடிந்தால் எடுத்து மாற்றுங்கள்.