"ஆம்பளையா நீ?" என்று கேட்பது யார்?

எங்கள் வடஆற்காடு பக்கம் ஒரு பையன் அழுதால் போதும், "இன்னாடா, பொட்டச்சி மாதிரி அழுதுகினு கீற?" என்று ஒரு குரல் வந்துவிடும். ஐந்து வயதில் மாமா கேட்பார். பதினைந்தில் கூட்டாளிகள் கேட்பார்கள். கல்யாணம் ஆனபிறகு டீக்கடையே கேட்கும். ஆண்மை உடம்போடு கூடவே பிறக்கிறது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. கூடவே பிறந்த சமாச்சாரத்துக்கு ஏன் ஊரே சேர்ந்து காவல் காக்க வேண்டியிருக்கிறது?

ஆம்பளை எப்படி இருக்கணும் என்பதை இங்கே முடிவு செய்வது பக்கத்தில் நிற்கிற மற்ற ஆம்பளைகளின் சிரிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே முக்கால்வாசி ஆயுசைக் கழிக்கிறோம்.

ஆம்பூரில் பிரியாணிக் கடைகளின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். விறகடுப்பில் தேக்சாவை ஏற்றி, சீரகச் சம்பா அரிசி எந்தப் பதத்தில் வெந்திருக்கிறது என்று ஒரு பருக்கையை விரலில் நசுக்கியே சொல்லிவிடுகிற மாஸ்டர்கள் எல்லாம் ஆண்கள். அங்கே சமையல் கெத்தான தொழில். அதே ஆள் வீட்டில் ரசம் வைத்தால் கேலி. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர். பட்டாளத்தில் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் தைத்து, லங்கர் என்கிற பட்டாளச் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தவர்தான் லீவில் வந்தால் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டார். கைக்குத் தெரியாத வேலை ஒன்றும் இல்லை. பாரக்கில் யாரும் சிரிக்கவில்லை, தெருவில் சிரிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் என்னை ரொம்பவும் உறுத்துவது கூத்துக்காரர்களின் கதை. திரௌபதியம்மன் கோயில் பாரதம் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு உயிர். பகலில் பாரதம் வாசிப்பு, ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், சாயங்காலம் தீமிதி. திரௌபதி வேஷம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருஷமாகக் கட்டுகிறார். ராந்தல் மாதிரி மங்கலான பல்பு வெளிச்சத்தில் சின்னக் கண்ணாடியை முட்டுக்கொடுத்து வைத்து, முகத்தை இரண்டு தரம் மழித்துவிட்டு, அரிதாரத்தைத் தண்ணீரில் குழைத்து நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் பூசுவார். சவுரியைக் கட்டி முடித்ததும் நடையே மாறிவிடும். துகிலுரியும் இடத்தில் அவர் "கண்ணா" என்று கத்தும்போது கிழவிகள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். படுகளத்தன்று, மண்ணால் செய்து படுக்கப் போட்ட துரியோதனன் மேல் நின்று விரித்த கூந்தலை முடிக்கும்போது ஊரே கையெடுத்துக் கும்பிடும். மீசை முறுக்குகிற பெரிய தனக்காரர்களும் கும்பிடுவார்கள்.

மறுநாள் காலையில் டீக்கடையில் அதே ஆளுக்கு மரியாதை போய்விடும். "இன்னா, புடவையை அவுத்துட்டியா?" என்று எவனாவது கேட்பான், சுற்றி நாலு பேர் சிரிப்பார்கள். சீசன் முழுக்க மீசை வைக்க முடியாதவர் அவர். அவர் பையனையும் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே ஓட்டுகிறார்களாம். இத்தனைக்கும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்த்த அதே பாரதத்தில், வில்லாளி அர்ஜுனன் விராட நகரத்தில் ஒரு வருஷம் பிருகன்னளை என்ற பேரில் பெண் கோலத்தில் இருந்து நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறான். அதனால் அவன் வீரம் குறைந்ததாக எந்தக் கூத்து வாத்தியாரும் பாடுவதில்லை.

மீசைக்காக இந்த மண் ரத்தம் சிந்தியிருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. தாடியை மழி, மீசையை ஒழுங்குக்கு வெட்டு, நெற்றிக் குறியை அழி, புதுத் தலைப்பாகையை மாட்டு என்று கும்பினி போட்ட உத்தரவும் சேர்ந்துதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்தது. அந்தச் சிப்பாய்கள் தங்களை அவமானப்படுத்தின அதிகாரத்தை எதிர்த்தார்கள். நாமோ அதே மீசையை வைத்துக்கொண்டு எளியவனை அவமானப்படுத்துகிறோம்.

விளைவு சின்னதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனிகளுக்கு விடிந்தும் விடியாமலும் வேன்களில் போகிறவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் சம்பளத்தில்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. வேலையில்லாத புருஷன் சோறு வடித்து வைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பலாம். செய்தால் "பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கிறவன்" என்பார்கள். செய்யாமல் டாஸ்மாக்கில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு இரண்டு வேலை, இவனுக்கு உள்ளுக்குள்ளேயே புழுங்கல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. கடன், நோய், குடும்பச் சண்டை என்று காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் எனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் ஆம்பளை இல்லை என்று நாம் பழக்கி வைத்ததும் அதில் சேரும் என்றே நினைக்கிறேன்.

பெண்ணின் உடம்பிலும் இது விழுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15-49 வயதுள்ள கல்யாணமான பெண்களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், புருஷன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஒரு காலத்தில் இப்படி இல்லை. அறுபதுகளில் ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். எமர்ஜென்சியில் பிடித்து இழுத்துப் போய்ச் செய்த கொடுமையோடு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. பயத்துக்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது "பலம் போயிடும், மூட்டை தூக்க முடியாது, அந்த விஷயத்துக்கு ஆவாது" என்ற டீக்கடைப் பேச்சு. மூன்றும் பொய். விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண் சுரப்பு ரத்தத்தில் கலப்பது அப்படியே தொடரும், ஆசையும் குறையாது.

ஏற்கெனவே சிசேரியனில் வயிற்றைக் கிழித்துக்கொண்ட மனைவியை மறுபடியும் கத்திக்கு அனுப்புவதற்கு முன்னால், இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்த தம்பிகள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். காசு கட்ட வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கத்தி வைக்காமல் சின்னத் துளை வழியாகவே முடித்துவிடுவார்கள். சாதாரணமாக அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில நாள் பாரம் தூக்கக் கூடாது. உடனே பலன் தராது என்பதால் மூன்று மாதம் வரைக்கும் ஆணுறை வேண்டும், அதற்கப்புறம் விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.