அலுவலகத்தை மூடுவது சீர்திருத்தம் ஆகாது

பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்கு வந்துவிட்டதால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இனித் தேவையில்லை என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. குறை கட்டடத்தில் இல்லை. அங்கே செய்யப்படும் பணியில்தான் இருக்கிறது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் சொன்ன 1959ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தபோதிலும், அலுவலகம் பரிந்துரைப்பவரையே பணியில் அமர்த்த வேண்டும் என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. அரசுப் பணிகளைப் பொறுத்தவரை, வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் பொது அறிவிப்பும் வெளியிட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அது நியாயமான தீர்ப்புதான். ஆயினும் அதற்குப் பின் பதிவு மூப்பின், அதாவது முன்னதாகப் பதிவு செய்தவருக்கான முன்னுரிமையின், மதிப்பு குறைந்துகொண்டே வந்திருக்க, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடுமே என்ற அச்சம் மட்டும் இளைஞர்களிடம் குறையாமல் இருப்பது வேதனை தருகிறது.

பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை என்பது, நேர்காணலுக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவுக்கே போதாது.

இந்த அலுவலகங்களில் நடைபெறும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள், தனியார் பயிற்சி மையங்களுக்குக் கட்டணம் செலுத்த முடியாத கிராமத்து மாணவர்களைப் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக ஆயத்தப்படுத்துகின்றன. அவற்றை வலுப்படுத்த வேண்டும். அத்துடன், பரிந்துரைத்த பெயர்களின் எண்ணிக்கையைவிட, பணியில் சேர்ந்து ஓராண்டு நிலைத்தவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு மாவட்ட அலுவலகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.