கொண்டென்சர் மைக் மேடையில கூவுமா?

அண்ணை, “கைமைக் எண்டாலும் கொண்டென்சர் ரெக்கோர்டிங்குக்கு மட்டும்தான், மேடையில கட்டாயம் கூவும்” எண்டு மேல எழுதியிருக்கிறியள். அது சரியில்லை. ஷூர் பீற்றா 87ஏ, நொய்மன் கேஎம்எஸ் 105 இரண்டும் மேடைப் பாட்டுக்கெண்டே செய்த கொண்டென்சர் கைமைக்குகள்.

கொண்டென்சர் எண்டது மின்சாரம் குடுத்தால்தான் வேலைசெய்யிற மைக். அதின்ர உணர்திறன் கூட. டைனமிக் மைக்குக்கு (மின்சாரம் தேவையில்லாத சாதாரண மேடை மைக்) வைச்ச கெயினிலேயே, அதாவது மிக்சர் மைக் சத்தத்தைப் பெருக்கிற அளவிலேயே, அதைச் செருகினால் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய்க் கூவத்தான் செய்யும். கெயினைக் குறைக்கவேணும். அடுத்தது மொனிற்றர், அதாவது பாடுறவர் தன்ர குரலைக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர், வைக்கிற இடம். மேல சொன்ன இரண்டு மைக்கும் சூப்பர்கார்டியொயிட், அதாவது முன்பக்கச் சத்தத்தைக் கூடவா எடுக்கிற வகை. சத்தத்தை ஆகக் குறைவா எடுக்கிறது நேர் பின்னால இல்லை, முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 125 பாகையில. வன்னியில கோயில் திருவிழா மேடைகளில மொனிற்றரைப் பாடுறவருக்கு நேர முன்னுக்கு, அதாவது மைக்குக்கு நேர் பின்னால, வைக்கிறதைத்தான் கனக்கக் கண்டிருக்கிறன்.

நீங்களே பாக்கலாம். ஒரு டைனமிக், ஒரு கொண்டென்சர் எண்டு இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில பிடிச்சு, மிக்சர் மீற்றரில ஒரே அளவு வரக் கெயினைச் சரிசெய்யுங்கோ. கொண்டென்சருக்கு 48 வோல்ற் பாண்டம் பவர் (மிக்சரிலிருந்து மைக் வயர் வழியா வாற மின்சாரம்) போட மறக்காதேங்கோ. பிறகு பேடரை (மிக்சரில சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுபிடி) மெல்ல மெல்ல உயர்த்தி, எது எங்க கூவுது எண்டு பாருங்கோ. மைக்கோட வாற தாளில உள்ள திசைப் படத்தையும் ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ.