எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டுமா?

ஏழாவது மாதத்தில் ஒரு ராத்திரி, படுக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்ப முடியாமல் அழுதிருக்கிறேன். அடிவயிற்றுக்கும் கீழே, இரண்டு தொடையும் சேர்கிற இடத்தில் எலும்பே விட்டுப்போகிற மாதிரி வலி. காலையில் சொன்னதும், "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி" என்றார் அத்தை. செக்கப்பில் டாக்டரிடம் சொன்னேன். ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து நிமிராமலே, "கர்ப்பம்னா அப்படித்தான்மா இருக்கும்" என்றார். அந்தப் பதில் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. இதற்குப் பெல்விக் கர்டில் பெயின் என்று பெயரே இருக்கிறது. இடுப்பெலும்பு முன்பக்கம் ஒன்றுசேர்கிற மூட்டிலும், பின்பக்கம் முதுகெலும்போடு சேர்கிற மூட்டுகளிலும் வருகிற வலி. சுமார் 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருகிறது. குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மாடிப்படி ஏறுவது, ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடுவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது எல்லாமே கண்ணில் தண்ணீர் வரவைக்கும்.

எனக்கு விடிவு பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் கிடைத்தது, அதுவும் ஒரு தோழி வற்புறுத்தி அனுப்பியதால். அவர் முதலில் கேட்டதே, எப்படித் திரும்பிப் படுக்கிறீர்கள் என்றுதான். நம் வீடுகளில் தெரியுமே, புரண்டு படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் திரும்ப வேண்டும் என்பார்கள். நானும் பயந்துபோய் ராத்திரி பத்து தடவை எழுந்து உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் உயிர் போனது. கொடி சுற்றுவது உள்ளே குழந்தை அசைவதால், அம்மா புரள்வதால் இல்லை. இரண்டு முழங்காலையும் மடக்கி ஒட்டவைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புகிற மாதிரி புரளச் சொன்னார், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. அன்றைக்கு ராத்திரிதான் பல வாரத்துக்கு அப்புறம் தூங்கினேன்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். உட்கார்ந்து உடை மாற்றுவது, படியில் வலி குறைந்த காலை முதலில் வைத்து ஒவ்வொரு படியாக ஏறுவது, இடுப்புக்கு பெல்ட், அவர் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள். வளைகாப்பில் மணையில் உட்கார மாட்டேன், நாற்காலி போடுங்கள் என்றேன். சில பேர் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். குனிந்து பெருக்கினால் சுகப்பிரசவம் ஆகும் என்று இந்த வலியில் இருக்கிற பெண்ணிடம் துடைப்பத்தைக் கொடுப்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமையே கிடையாது. அவளுக்கு அது வலியைத்தான் கூட்டும்.

காசு செலவாகும் என்று தயங்குகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ஐபுப்ரொஃபென் மாதிரியான மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. ரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு வருகிற வலி, கால் மரத்துப்போவது இதில் எது இருந்தாலும் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பிரசவத்துக்கு முன்னாடியே கால்களை எவ்வளவு தூரம் வலியில்லாமல் விரிக்க முடிகிறது என்று பார்த்து டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லிவையுங்கள். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். லேபர் வார்டில் இருந்த நர்ஸ் அக்கா அதைப் படித்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.